ஹைகோர்ட்டில் கிளார்க்குக்கு என்ன வேலை?

கேள்வி சுருக்கமாக இதுதான். தங்கை பட்டப்படிப்பு முடித்துவிட்டு உயர் நீதிமன்றப் பணிக்குத் தேர்வு எழுதப் படிக்கிறாள். வீட்டிலோ, "கோர்ட்டில் கிளார்க் என்றால் கட்டு தூக்குவதும் சீல் குத்துவதும்தானே, அதற்கு ஏன் இவ்வளவு படிப்பு?" என்று கேட்கிறார்கள். உண்மையில் அங்கே என்ன வேலை, என்ன பொறுப்பு?

நான் கோர்ட் ஊழியன் இல்லை, வக்கீல் குமாஸ்தா. இருபத்தெட்டு வருடமாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் ஒரு தாளில் என்ன எழுதுகிறார், ஏன் எழுதுகிறார் என்று புரிந்தால்தான் எனக்கு அன்றைய பிழைப்பு நடக்கும். அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹைகோர்ட் வளாகத்தில் கிளார்க் என்றால் மூன்று பேரைக் குறிக்கும். ஒருவர் பதிவுத்துறை ஊழியர். உங்கள் தங்கை எழுதப்போவது இந்தப் பணிக்கான தேர்வு. இன்னொருவர் என்னைப் போல வக்கீலிடம் இருக்கிற குமாஸ்தா. எங்களுக்குச் சம்பளம் தருவது வக்கீல், கோர்ட் இல்லை. மூன்றாமவர் லா கிளார்க். சட்டம் படித்து முடித்த கையோடு ஒப்பந்தத்தில் ஒரு நீதிபதியிடம் சேர்ந்து, முன்தீர்ப்புகளைத் தேடிக் குறிப்பு எழுதித் தருகிற இளைஞர். கொஞ்ச காலத்தில் வக்கீலாகப் போய்விடுவார். அவர் வேலை தனி. இங்கே அவரை விட்டுவிடுகிறேன்.

சரி, பதிவுத்துறை ஊழியர் யாருடைய ஆள்? பலர் 'மாநில அரசு ஊழியர்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். சம்பளம் மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து வருவது உண்மைதான். ஆனால் அரசியல் சாசனத்தின் 229ஆவது பிரிவின்படி அவரை நியமிப்பது தலைமை நீதிபதி, அல்லது தலைமை நீதிபதி அதற்கென அதிகாரம் கொடுத்தவர். அந்தச் செலவும் சட்டமன்ற ஓட்டெடுப்புக்குப் போகாத செலவு. காரணம் எளிது. ஹைகோர்ட்டில் அதிகமாக வழக்காடுகிறவர் யார்? அரசாங்கமேதான். தாசில்தார், கலெக்டர், கமிஷனர் என்று எதிர்மனுதாரராக வராத நாளே இல்லை. வழக்குக் கட்டைப் பாதுகாக்கிற ஆள் அந்த எதிர்மனுதாரரின் கைக்குக் கீழே இருக்கக் கூடாது அல்லவா?

பதவிகளின் வரிசை உதவியாளர், பிரிவு அலுவலர், அப்புறம் உதவிப் பதிவாளர், துணைப் பதிவாளர் என்று மேலே போகும். உச்சியில் இருக்கும் தலைமைப் பதிவாளர் மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் இருப்பவர். கோர்ட் ஹாலுக்குள் நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்காருபவரைக் கோர்ட் ஆபீசர் என்போம். கீழ் நீதிமன்றங்களில் அதே நாற்காலியில் இருப்பவர் பெஞ்ச் கிளார்க். பெயர் எதுவானாலும் வேலையின் அடிப்படை ஒன்றுதான்: ஒரு தாள் எப்போது வந்தது, என்ன நிலையில் வந்தது, அதன்மேல் கோர்ட் என்ன சொன்னது என்பதைப் பொய்யில்லாமல் பதிந்து வைப்பது.

பொதுவாகச் சொன்னால் புரியாது. ஒரு வழக்கோடு நடந்து பார்க்கலாம்.

விழுப்புரம் பக்கத்தில் ஒரு நிலத்தகராறு என்று வையுங்கள். முன்சீப் கோர்ட்டில் ஒருவர் ஜெயித்தார். சப் கோர்ட் அப்பீலில் அது தலைகீழானது. தோற்றவர் இப்போது ஹைகோர்ட்டுக்கு இரண்டாவது மேல்முறையீடு, அதாவது எஸ்.ஏ. போடப் போகிறார். (தஞ்சாவூராக இருந்திருந்தால் மதுரைக்குப் போக வேண்டும். 2004 ஜூலை 24 முதல் தென்மாவட்டங்களோடு திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, கரூர் எல்லாம் மதுரைக் கிளைக்குப் போய்விட்டன. எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதும் கிளார்க் மனதில் இருக்க வேண்டிய சங்கதி.)

நாங்கள் கட்டைத் தைத்துக் கொண்டுபோய்க் கவுன்டரில் கொடுக்கிறோம். வாங்கியவர் தேதி முத்திரை குத்தி எஸ்.ஆர். எண் கொடுக்கிறார். இது வழக்கு எண் இல்லை, வந்து சேர்ந்ததற்கான அடையாள எண். எங்களுக்குள் "எஸ்.ஆர். ஆச்சா, நம்பர் ஆச்சா?" என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்டுக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே நடப்பதுதான் பரிசோதனை. ஹைகோர்ட் கிளார்க்கின் படிப்பும் பொறுமையும் அதிகம் செலவாகும் இடம் அது.

அவர் எடுத்தவுடன் பார்ப்பது, கீழ்க்கோர்ட்டின் சான்றிட்ட நகலின் கடைசிப் பக்கம். அங்கே சின்ன எழுத்தில் ஐந்து தேதிகள் இருக்கும்: நகல் கேட்டு மனு போட்ட நாள், முத்திரைத்தாள் கேட்கப்பட்ட நாள், அதைக் கொடுத்த நாள், நகல் தயாரான நாள், நகலை வாங்கிய நாள். ஹைகோர்ட்டுக்கு மேல்முறையீடு செய்யக் காலக்கெடு 90 நாள். ஆனால் நகல் எடுக்கத் தேவைப்பட்ட காலத்தை அதிலிருந்து கழித்துக்கொள்ளக் காலவரையறைச் சட்டம் இடம் தருகிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். தீர்ப்பு ஜூன் 2. அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் தொண்ணூறாவது நாள் ஆகஸ்ட் 31. நகலுக்கு மனு போட்டது ஜூன் 12, நகல் தயாரானது ஜூலை 10. இரண்டு நாளையும் சேர்த்து 29 நாள். ஆக, செப்டம்பர் 29 வரை கெடு இருக்கிறது. இதில் ஒரு கண்ணி உண்டு. முத்திரைத்தாள் கேட்ட பிறகு கட்சிக்காரர் அதைக் கொடுக்காமல் நாளைக் கடத்தியிருந்தால், அந்த நாட்கள் அவர் தலையில்தான் விழும், கழித்துக்கொள்ள முடியாது. அப்புறம், நகல் தயாரான நாளுக்கும் அவர் வந்து வாங்கிய நாளுக்கும் இடையே இருபது நாள் போயிருந்தால் அதுவும் அவர் கணக்குதான். ஐந்து தேதியையும் வரிசையாகப் பார்க்காமல் முதலையும் கடைசியையும் மட்டும் பார்த்துக் கழித்தால் கணக்கு தவறிவிடும். கெடு தாண்டிய மேல்முறையீடு நம்பராகி உள்ளே போய்விடும். அல்லது, இது இன்னும் கொடுமை, கெடுவுக்குள் வந்தவரிடமே 'தாமதத்தை மன்னிக்க மனு போடு' என்று கேட்டுக் கட்டு திரும்பி வரும்.

தேதிக்கு அடுத்தது கோர்ட் கட்டணம். பழைய காலத்து வில்லை (ஸ்டாம்ப்) என்றால், அதில் அச்சிட்ட தலையை மட்டும் துளைத்து எடுத்துவிட்டு, தொகை எழுதிய பகுதியைத் தொடாமல் விட வேண்டும். துளைத்தெடுத்த துண்டையும் அழித்துவிட வேண்டும். இது வழக்கத்தால் வந்தது இல்லை, சட்டமே அப்படிச் சொல்கிறது. ஒரு வில்லை இரண்டு மனுவில் ஒட்டப்படக் கூடாது, ஆனால் பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் எவ்வளவு கட்டினார் என்று தெரிய வேண்டும். இப்போது இணையவழிக் கட்டணம் வந்துவிட்டது. அந்தச் சீட்டின் எண்ணை உள்ளிட்டுச் சரிபார்த்து, மறுபடி பயன்படாமல் பூட்டி வைக்க வேண்டும். கருவி மாறிவிட்டது, நோக்கம் அதேதான்.

பிறகு வக்காலத்து. கையெழுத்துக்குச் சான்று இருக்கிறதா, வக்கீல் சேமநல நிதி வில்லை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அபிடவிட்டில் தமிழ் மட்டும் தெரிந்தவர் கையெழுத்திட்டிருந்தால், படித்துக் காட்டி விளக்கியதற்கான குறிப்பு வேண்டும். கட்சிக்காரர் பெயர்கள் கீழ்க்கோர்ட்டில் இருந்த வரிசையிலேயே வந்திருக்கின்றனவா, இறந்துபோனவரை உயிரோடு இருப்பவராகக் காட்டியிருக்கிறார்களா என்பதெல்லாம் அதற்கடுத்தது. எதிர்த்தரப்பு முன்கூட்டியே கேவியட், அதாவது 'என்னைக் கேட்காமல் ஆணை போடாதீர்கள்' என்ற மனு, போட்டு வைத்திருக்கிறதா என்று பதிவேட்டில் தேடுவதும் இங்கேதான். கேவியட்டின் ஆயுள் 90 நாள். இருப்பதைக் கவனிக்காமல் விட்டால், அவருக்குச் சொல்லாமலே தடையாணை பிறந்துவிடும்.

இதற்கெல்லாம் மேலே மொழி. ஹைகோர்ட்டின் அலுவல் மொழி ஆங்கிலம். சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, இன்னும் வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கீழ்க்கோர்ட்டில் தமிழில் இருந்த கிரயப் பத்திரம், பட்டா, அடங்கல் எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்போடு டைப்ட் செட்டில், அதாவது டைப் அடித்துத் தொகுத்த ஆவணக் கட்டில், ஏறி வரும். கிளார்க்குக்கு இரண்டு மொழியும் ஒரே அளவில் கைவர வேண்டும். பத்திரத்தில் சர்வே எண் 112/3பி என்று இருக்கும், மொழிபெயர்ப்பில் 112/3 என்று வந்திருக்கும். சக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், வடக்கே வாய்க்கால் என்பது தெற்கே போயிருக்கும். படிக்கிற கண்ணுக்கு இது ஒரு எழுத்துதான். நாளைக்கு டிக்ரியை (தீர்ப்பாணையை) நிறைவேற்ற அமீனா, அதாவது கோர்ட் ஊழியர், நிலத்துக்குப் போய் நிற்கும்போது, அந்த 'பி' இல்லாததால் எந்தத் துண்டு என்றே சொல்ல முடியாமல் திரும்பி வருவார். எழுத்துப் பிழையைத் திருத்த சிவில் நடைமுறைச் சட்டத்தின் 152ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு மனு, ஒரு நோட்டீஸ், சில மாதங்கள்.

குறை இருந்தால் கிளார்க் கட்டின் முகப்பில் ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு எழுதித் திருப்புவார். ரிட்டர்ன் என்போம். இத்தனை நாளுக்குள் சரிசெய்து மறுபடி தாக்கல் செய் என்று கெடுவும் இருக்கும். நல்ல கிளார்க் யார் என்று எனக்குத் தெரிவது இந்த ரிட்டர்னில்தான். எல்லாக் குறையையும் ஒரே தடவையில் எழுதிவிடுவார். இன்னொரு வகை, முதல் தடவை கையெழுத்து இல்லை என்று திருப்பும், அதைச் சரிசெய்து கொடுத்தால் பக்க எண் இல்லை என்று திருப்பும், மூன்றாவது தடவை நகல் தெளிவாக இல்லை என்னும். எழுதிய குறை ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கட்சிக்காரருக்கு இரண்டு மாதம் போயிருக்கும். உங்கள் தங்கை வேலைக்குச் சேர்ந்தால் நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். முதல் முறை எடுக்கும்போதே கடைசிப் பக்கம் வரை புரட்டிவிடட்டும்.

ரிட்டர்ன் என்றதும் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சென்னைக்கு வருவதற்கு முன், ஒரு மாவட்ட ஊரில் ஒரு வக்கீலிடம் புதிதாகச் சேர்ந்திருந்தேன். விபத்தில் மகனை இழந்த ஒரு அம்மாவின் இழப்பீட்டு மனு ரிட்டர்ன் ஆகி வந்தது. குறை சின்னது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று பீரோவின் மேல்தட்டில் வைத்தேன். அதன்மேல் வேறு கட்டுகள் ஏறிவிட்டன. கெடு முடிந்து நாற்பது நாள் கழித்து, அந்த அம்மா மஞ்சப்பையோடு வந்து, "கேஸ் என்ன ஆச்சு தம்பி?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. மறுதாக்கல் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு போட்டோம். நீதிபதி அனுமதித்தார். ஆனால் அந்த மனுவில் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. 'கட்டு வேறு கட்டுகளோடு கலந்துவிட்டது' என்ற வழக்கமான வரியை நானே டைப் அடித்தேன். அன்றிலிருந்து ரிட்டர்ன் கட்டை வாங்கினால் கெடு தேதியைச் சிவப்பு மையில் டைரியில் எழுதிய பிறகுதான் பையில் வைப்பேன்.

கிளார்க்கின் அதிகாரத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மனு இந்தச் சட்டப் பிரிவில் செல்லுமா என்று அவர் சந்தேகம் எழுப்பலாம். வக்கீல் 'செல்லும்' என்று காரணம் எழுதி மறுபடி தாக்கல் செய்தால், 'செல்லாது' என்று தீர்மானிக்கும் உரிமை கிளார்க்குக்குக் கிடையாது. எண் கொடுக்காமலே, எஸ்.ஆர். நிலையிலேயே நீதிபதி முன் பட்டியலிட வேண்டும். தீர்மானிப்பது நீதிபதி. அதேபோல எந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போக வேண்டும் என்பதும் கிளார்க் கையில் இல்லை. எந்த வகை வழக்கு யாருக்கு என்று தலைமை நீதிபதி போடுகிற ரோஸ்டர்படிதான் போகும். உச்ச நீதிமன்றம் 1998இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வெளியே சில தரகர்கள், "உள்ளே ஆள் இருக்கிறது, நல்ல கோர்ட்டுக்குப் போட்டுத் தருகிறேன்" என்று காசு கேட்பார்கள். நம்பாதீர்கள். அப்படி ஒருவர் செய்தால் அது அவருடைய வேலையையே பறிக்கக்கூடிய குற்றம்.

நம்பர் ஆனதும் கட்டு அந்தந்தப் பிரிவுக்குப் போகும். ரிட், இரண்டாவது மேல்முறையீடு, சீராய்வு, குற்றவியல் மனு, ஆட்கொணர்வு மனு என்று தனித்தனிப் பிரிவுகள். சென்னைக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்றும் 1862இல் விக்டோரியா மகாராணியின் சாசனத்தால் பிறந்தவை. அதனால் இங்கே மேல்முறையீடு மட்டுமில்லாமல் நேரடியாக சூட்டே, அதாவது புது சிவில் வழக்கே, போடலாம். அந்தப் பக்கத்தை ஒரிஜினல் சைடு என்போம். அதற்கு விதிகள் தனி, மனுக்களின் பெயர் தனி, சாட்சியம் பதிய மாஸ்டர் கோர்ட் தனி. மேல்முறையீட்டுப் பக்கம் பத்து வருடம் இருந்த கிளார்க்கை ஒரிஜினல் சைடுக்கு மாற்றினால், அவர் புதுப்பள்ளியில் சேர்ந்த பிள்ளை மாதிரி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

இனி கோர்ட் ஹால். சோப்தார் வெள்ளிக் கோலோடு முன்னே நடக்க நீதிபதி வந்து அமர்கிறார். அதற்கு முன்பே அன்றைய பட்டியலில் உள்ள அத்தனை கட்டும் வரிசைப்படி வந்திருக்க வேண்டும். சில நாட்களில் நூறைத் தாண்டும். கோர்ட் ஆபீசர் வரிசை எண்ணைச் சொல்லி அழைக்கிறார், கட்டை மேலே கொடுக்கிறார், வக்கீல் கொடுக்கிற தீர்ப்பு நகலை வாங்கி நீட்டுகிறார், நீதிபதி சொல்கிற அடுத்த வாய்தாவைக் குறிக்கிறார். நடுவே ஒரு வக்கீல், "பாஸ் ஓவர் வேண்டும், சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்" என்பார், அதாவது கொஞ்சம் கழித்துக் கூப்பிடச் சொல்வார். இன்னொருவர் அவசரம், மதியமே எடுத்துக்கொள்ளுங்கள் என்று லஞ்ச் மோஷனுக்கு அனுமதி கேட்பார். இவ்வளவு இரைச்சலிலும் 'இடைக்காலத் தடை இரண்டு வாரம்' என்றாரா, 'அடுத்த விசாரணை வரை' என்றாரா என்பது அவர் காதில் துல்லியமாக விழ வேண்டும். சந்தேகம் வந்தால் எழுந்து நீதிபதியிடமே கேட்டுவிடுகிற கோர்ட் ஆபீசர்களைப் பார்த்திருக்கிறேன். கூச்சப்படாமல் கேட்பதுதான் சரி. தவறாக எழுதிவிட்டு, பிறகு திருத்தத்துக்காக வழக்கை மறுபடி பட்டியலில் ஏற்றுவது எல்லோருக்கும் நாள் நஷ்டம்.

ஆணை வாயால் சொல்லப்பட்டால் மட்டும் போதாது. சுருக்கெழுத்தில் எடுத்து, டைப் அடித்து, நீதிபதி திருத்திக் கையெழுத்திட்டு, பிரிவுக்கு வந்து, நகலாகி, முத்திரை பெற்று வெளியே வர வேண்டும். வீட்டை இடிக்க ஜே.சி.பி. நிற்கிறது, தடையாணை கிடைத்துவிட்டது, ஆனால் கையில் தாள் இல்லை என்ற நிலையில் ஒருவர் பிரிவின் வாசலில் நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். நான் கற்பனை செய்யத் தேவையில்லை, அப்படிப் பலரோடு நின்றிருக்கிறேன். ஜாமீன் இன்னும் கூர்மையானது. ஆணை சிறைக்குப் போய்ச் சேராத ஒவ்வொரு இரவும் ஒருவர் உள்ளே அதிகமாகக் கழிக்கிற இரவு. இதற்காகத்தான் உச்ச நீதிமன்றம் 2022இல் ஆணைகளை மின்னணு வழியில் பாதுகாப்பாக அனுப்பும் ஃபாஸ்டர் முறையைத் தொடங்கியது. 2023 ஜனவரியில், ஜாமீன் ஆணையின் மென்நகலை அன்றோ மறுநாளோ சிறைக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னது. தானாக எதுவும் போகாது. அனுப்புகிற பொத்தானுக்குப் பின்னால் ஒரு கிளார்க் இருக்கிறார். அவர் ஆணையில் குற்ற எண்ணும் காவல் நிலையத்தின் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். எண் மாறினால் சிறை வாங்காது.

இரகசியம் காப்பதும் வேலையில் பாதி. எழுதி முடிக்காத தீர்ப்பு பிரிவுக்குள் சுற்றும். அதன் ஒரு வரிகூட வெளியே கசியக் கூடாது. போக்சோ வழக்கில் குழந்தையின் பெயர், பாலியல் வன்முறை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம், இவை இணையத்தில் ஏற்றப்படும் நகலில் வந்துவிடக் கூடாது. முன்பு ஒரு கட்டை ஐந்தாறு பேர் பார்த்திருப்பார்கள். இப்போது இணையத்தில் ஏறிய நிமிடத்தில் ஊரே பார்க்கும். அதனால் இந்தப் பொறுப்பு எடை கூடிவிட்டது.

ஆவணக் காப்பறையைப் பற்றி ஒரு வார்த்தை. முடிந்த வழக்கின் கட்டுகள் அங்கே போகும். எதை எத்தனை வருடம் வைக்க வேண்டும், எதை அழிக்கலாம் என்பதற்கு 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விதிகள் இருக்கின்றன. பாட்டன் காலத்து டிக்ரி நகல் கேட்டு ஒரு பேரன் வருவான். தூசியில் இறங்கித் தேடி, கட்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டி நகல் போட்டுக் கொடுப்பவருக்குப் பட்டியலிலும் பெயர் வராது, தீர்ப்பிலும் வராது.

"கிளார்க் தவறு செய்தால் என்ன ஆகும்?" என்று உங்கள் வீட்டில் கேட்டால் இந்த வழக்கைச் சொல்லுங்கள். பஞ்சாபிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. வேறொருவருக்கு விற்கப்பட்ட நிலத்தை முதலில் வாங்கும் உரிமை தனக்கே என்று வழக்குப் போட்டவர், குறிப்பிட்ட நாளுக்குள் மீதித் தொகையைக் கோர்ட்டில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கே தள்ளுபடி என்பது ஆணை. அவர் கெடுவுக்கு மாதங்கள் முன்பே, 1958 ஜனவரியில், பணத்தோடு போய் சலான் கேட்டார். கட்ட வேண்டியது 4,951 ரூபாய். கோர்ட் கிளார்க் எழுதிக் கொடுத்த சலானில் 4,950. எழுதியிருந்ததை அவர் கட்டிவிட்டு வந்தார். ஒரு ரூபாய் குறைந்தது. கெடு முடிந்ததும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு ரூபாய்க்காக அவர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது. நீதிபதி ஹிதயத்துல்லா எழுதிய தீர்ப்பில், கோர்ட்டின் செயலால் கட்சிக்காரருக்குத் தீங்கு வரக் கூடாது, இதைவிட உயர்ந்த கொள்கை கோர்ட்டுக்கு இல்லை என்று சொல்லி, அந்த ஒரு ரூபாயைக் கட்ட வாய்ப்புக் கொடுத்தார்கள். கிளார்க்கின் பிழை கோர்ட்டின் பிழை என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. அவருக்கு நியாயம் கிடைத்தது உண்மைதான். ஆனால் அதற்குள் ஐந்து வருடம்.

எங்கள் தரப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதிவுத்துறை ஊழியர் தினமும் முகம் பார்ப்பது எங்களைத்தான். மாலையில் மறுநாள் பட்டியல் இணையத்தில் வந்ததும் எங்கள் ஆபீஸ் வழக்குகளைத் தேடிக் குறித்து, கட்டெடுத்து, எந்த ஹாலில் எத்தனையாவது என்று வக்கீலுக்குச் சொல்வதில் எங்கள் நாள் தொடங்கும். நோட்டீஸ் அனுப்புவதற்கான கட்டணமான பேட்டாவைக் கட்டுவது, உறை எழுதுவது, நகல் மனு போடுவது, ரிட்டர்னை எடுப்பது, மறுதாக்கல் செய்வது எல்லாம் நாங்கள். எங்களுக்கும் தமிழ்நாட்டில் சேமநல நிதிக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கவுன்டரின் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் உண்டு. 'அண்ணே, சாயங்காலத்துக்குள்ள நம்பர் ஆகுமா?' என்று கேட்பதில் தப்பில்லை. அந்தப் பழக்கத்தை வைத்து, முந்தின நாள் தேதி போட்டுக் கொடுங்கள் என்று கேட்பதுதான் தப்பு. கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்ட உடனே கட்டைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்ட ஒரு பிரிவு அலுவலரை எனக்குத் தெரியும். கோபப்படவில்லை, பேசவும் இல்லை. மறுநாள் அதே ஆளுக்கு வழக்கம்போலத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

இந்த வளாகத்தில் முத்துசாமி ஐயரின் சிலை இருக்கிறது. தஞ்சை மாவட்டத்து ஏழைக் குடும்பத்தில் 1832இல் பிறந்து, சிறுவயதில் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளராக இருந்தவர். 1870களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். கணக்கெழுதிய கை என்று கிளார்க் வேலையை யாராவது குறைத்துப் பேசினால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

தங்கைக்கு என்ன தயாரிப்பு வேண்டும்? பதவிக்கான தகுதியை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளட்டும், அது பதவிக்குப் பதவி மாறும். அதற்கு மேல் ஆங்கிலத்தைப் பிழையில்லாமல் படிக்கவும் எழுதவும் வேண்டும், தமிழ்ப் பத்திரங்களைப் படித்துப் பழக வேண்டும், தட்டச்சு வேகம் வேண்டும். கணினியில் வழக்கு விவரம் தேடத் தெரிய வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கச் சி.என்.ஆர். எண் உண்டு, இ-கோர்ட்ஸ் தளத்தில் அதைப் போட்டு ஒரு வழக்கின் முழுப் பயணத்தையும் பார்க்கலாம். நாள் கணக்கைக் கைவிரலில் எண்ணாமல் காலண்டரை வைத்து எண்ணும் பழக்கம் வரட்டும். நிற்கவும், தூசியைத் தாங்கவும், ஒரே கேள்வியை நாற்பதாவது ஆளுக்கும் அதே குரலில் பதில் சொல்லவும் முடிய வேண்டும்.

உங்கள் வீட்டில் பழைய வழக்கு ஏதாவது இருந்து, டிக்ரி நகல் பெட்டியில் கிடந்தால், எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் தங்கையிடம் காட்டுங்கள். ஐந்து தேதிகளும், அவற்றுக்குக் கீழே மங்கிய மையில் ஒரு இனிஷியலும் இருக்கும்.